பன்னிரண்டாயிரம் ரூபாய் எந்த மாதத்துக்கு?

தமிழ்நாடு அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறைச் செயலாளர் அவர்களுக்கும், உயர்கல்வித் துறைச் செயலாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

நான் அரசு கலைக் கல்லூரிகளில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவன். பிறவியிலேயே பார்வையில்லாதவன். பணியில் இருந்த காலம் முழுவதும் மாற்றுத்திறனாளி மாணவர்களின் உதவித்தொகை விண்ணப்பங்களைச் சரிபார்த்து அனுப்பும் வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழும். ‘சாருக்குத்தான் இதன் அருமை தெரியும்’ என்று சொல்லிக் கோப்பை என் மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். அந்தக் கோப்பைப் படித்துக் காட்ட எனக்கு ஓர் ஆள் வேண்டும் என்பது மட்டும் எவருக்கும் நினைவிருக்காது. ஓய்வுபெற்ற பிறகும் மாணவர்கள் வீடு தேடி வருகிறார்கள். எந்தச் சான்றிதழை எங்கே வாங்குவது, விண்ணப்பம் ஏன் திரும்பியது என்று கேட்கிறார்கள். பணியில் இருந்தபோது இப்படியொரு மடல் எழுதியிருந்தால் விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கும். இப்போது அந்தக் கவலை இல்லை.

இரண்டு துறைகளுக்கும் சேர்த்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. பணம் ஒரு துறையிடம் இருக்கிறது. மாணவர் பட்டியல் இன்னொரு துறையிடம் இருக்கிறது. நான் கேட்கப்போவது இந்த இரண்டையும் ஒன்றுசேர்க்கச் சொல்லித்தான்.

குறை சொல்லும் முன் நன்றி சொல்லிவிடுகிறேன். பட்டப்படிப்பு மாணவருக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயாகவும், முதுகலை, தொழிற்கல்வி மாணவருக்கு 7,000 ரூபாயாகவும் இருந்த கல்வி உதவித்தொகையைத் தமிழ்நாடு அரசு இரட்டிப்பாக்கி 12,000, 14,000 ஆக்கியது. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க 2025இல் சட்டத்தையே திருத்தியது. உலக வங்கியின் துணையோடு 1,763 கோடி ரூபாயில் மாற்றுத்திறனாளிகளுக்கான ‘உரிமைகள்’ திட்டம் நடக்கிறது. வேறு பல மாநிலங்களில் இருக்கும் நண்பர்களிடம் பேசும்போது இவற்றையெல்லாம் சற்றுப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் அந்த 12,000 ரூபாயை ஒரு மாணவரின் செலவுக் கணக்கோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெருமை கொஞ்சம் சுருதி இறங்கிவிடுகிறது.

எனக்குத் தெரிந்த மாணவர் ஒருவர் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறார். தசைச்சிதைவு நோய். சக்கர நாற்காலி இல்லாமல் நகர முடியாது; கையைத் தூக்கித் தலை வாரவும் இப்போது முடிவதில்லை. நகரப் பேருந்தில் அவருக்கும், உடன் வரும் தாயாருக்கும் டிக்கெட் இல்லை. நல்ல திட்டம்தான். ஆனால் அவர் ஊருக்கு வரும் பேருந்தின் முதற்படியே முழங்கால் உயரத்துக்கு இருக்கிறது. தாழ்தளப் பேருந்து சென்னையில் ஓடுகிறது; அவர் ஊர்ப் பக்கம் அதை எவரும் பார்த்ததில்லை. ஆகவே ஆட்டோ. போக வர 200 ரூபாய், அதுவும் தெரிந்த ஆட்டோக்காரர் என்பதால். மாதத்தில் இருபது நாள் வகுப்பு என்றால் 4,000 ரூபாய். அரசின் ஓராண்டு உதவித்தொகை மூன்று மாத ஆட்டோ கட்டணத்தோடு தீர்ந்துபோகிறது.

கணக்கு அதோடு முடியவில்லை. காலையில் மகனை வகுப்பில் விட்டுவிட்டுத் தாயார் வீட்டுக்குத் திரும்ப முடியாது. கல்லூரி வளாகத்தில் வேப்பமரத்தடியில் ஒரு சிமெண்டு திண்ணை இருக்கிறது. மதியம் வகுப்பு முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பார். இடைவேளை மணி அடித்ததும் எழுந்து வருவார். மாணவர் கழிப்பறையின் வாசலில் ஒரு படி இருப்பதால் ஆசிரியர் கழிப்பறைக்கு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போவார். அந்த ஒற்றைப் படிக்குப் பயந்து முதல் ஆண்டில் அந்தப் பையன் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வந்துகொண்டிருந்தாராம். தாயார் முன்பு நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். 2025-26இல் தமிழ்நாட்டில் அதற்கு நாள் கூலி 336 ரூபாய். மகன் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கூலி இல்லை, களையெடுப்புக் கூலியும் இல்லை. மகனுக்குப் பராமரிப்பு உதவித்தொகையாக மாதம் 2,000 ரூபாய் வருகிறது; அது மருந்துக்கும் பிசியோதெரபிக்கும் போய்விடுகிறது.

இந்தக் குடும்பத்தில் கல்விக் கட்டணம் ஒரு பிரச்சினையாகப் பேசப்பட்டு நான் கேட்டதே இல்லை. அரசுக் கல்லூரிக் கட்டணம் எப்படியோ கட்டிவிடக் கூடியதுதான். இவர்களை அழுத்துவது படிப்பின் செலவு அல்ல. உடற்குறையோடு படிப்பதன் செலவு. அது மாதாமாதம் வருகிறது, சில நாட்களில் காலையும் மாலையும் வருகிறது. உதவியோ ஆண்டுக்கொரு முறை மொத்தமாக வருகிறது. விண்ணப்பம், முதல்வர் கையெழுத்து, சரிபார்ப்பு, ஒப்புதல் எல்லாம் நடந்த பிறகுதான் வரும். முறையே அப்படி அமைந்திருப்பதால் எந்த அலுவலரையும் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் ஜூனில் சேர்ந்த பிள்ளையிடம் ஜூனில் பணம் இருக்காது. முதற்பருவத்தில் வகுப்புக்கு வராமல் போவதும், வருகைப்பதிவு குறைவதும், தேர்வு எழுத முடியாமல் போவதும், பிறகு சத்தமில்லாமல் நின்றுவிடுவதும் அந்த மாதங்களில்தான் நடக்கின்றன. பணம் வரும்போது மாணவர் இருப்பதில்லை.

இனி என் சொந்தச் சாதிக்கு வருகிறேன், பார்வையில்லாதவர்களுக்கு.

நான் படித்த காலத்தில் நண்பர்கள் பாடங்களை வாசிக்க, கேசட்டில் பதிவு செய்துகொள்வேன். வாசித்தவருக்குக் கூலி ஒரு டீயும் இரண்டு வாழைக்காய் பஜ்ஜியும். இன்றைய பிள்ளைகளின் கையில் செல்போனும், அதில் திரையைப் படித்துச் சொல்லும் செயலியும் இருக்கின்றன. கணினிக்கான என்விடிஏ என்ற திரைவாசிப்பான் காசில்லாமலே கிடைக்கிறது. அப்படியானால் வாசிப்பாளர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பாடம் எந்த வடிவில் கிடைக்கிறது என்று பார்த்தால் தெரியும். பழைய பாடப்புத்தகத்தின் மங்கலான ஜெராக்ஸை ஒருவர் செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார். அது திரைவாசிப்பானுக்கு வெறும் படம். ஓர் எழுத்துகூட வராது. தொலைநிலைக் கல்விப் பாடங்கள், பழைய வினாத்தாள்கள், ஆசிரியர்கள் பல ஆண்டுகளுக்கு முன் தட்டச்சு செய்துவைத்த குறிப்புகள் ஆகியவற்றில் பல பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கின்றன. பார்ப்பவர் கண்ணுக்கு அழகான தமிழ். திரைவாசிப்பானைக் கேட்டால் ‘தமிழ்’ என்ற சொல்லை ‘ஜே, கே, பி, ஓ, செமிகோலன்’ என்று வாசிக்கும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தரமாக ஏற்று 2010இலேயே அறிவித்த மாநிலத்தில், தமிழ் இலக்கியம் படிக்க வந்த பிள்ளை காதில் விழும் தமிழ் இது.

ஆகவே வாசிப்பாளர் வேண்டும். வாசிப்பாளர் உதவித்தொகை நெடுங்காலம் பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 5,000, முதுகலைக்கு 6,000 ரூபாய் என்ற அளவிலேயே இருந்துவந்திருக்கிறது. மணிக்கு 100 ரூபாய்க்கு ஒருவர் வாசிக்க வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5,000 ரூபாய்க்கு ஐம்பது மணி நேரம். ஆண்டுக்குப் பத்துத் தாள்கள் என்றால் ஒரு தாளுக்கு ஐந்து மணி நேரம். சோழர் வரலாறு முழுவதையும் ஐந்து மணி நேரத்தில் வாசித்து முடிக்கக் கூடியவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இந்த இடத்தில் கூடுதல் பணம் மட்டும் கேட்க வரவில்லை. ஒவ்வொரு மாணவரும் தனித்தனியாக ஓர் ஆளைப் பிடித்து அதே புத்தகத்தை மீண்டும் மீண்டும் வாசிக்க வைப்பதே வீண். பாடத்திட்டத்தில் உள்ள நூல்களைப் பல்கலைக்கழகமே யூனிகோடு எழுத்தாக மாற்றி வைத்துவிட்டால் அது ஒருமுறைச் செலவு. காப்புரிமைச் சிக்கல் வரும் என்று யாராவது கோப்பில் எழுதினால், 2012இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம் மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் நூல்களை மாற்றிக்கொள்ள அனுமதிக்கிறது என்றும், அதே நோக்கத்துக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா என்றும் அந்தக் கோப்பிலேயே பதில் எழுதுங்கள். நூல்கள் கிடைத்துவிட்ட பிறகு, வாசிப்பாளருக்கான பணம் உண்மையில் ஆள் தேவைப்படும் இடத்துக்கு, அதாவது வரைபடம், அட்டவணை, கல்வெட்டுப் படம் போன்றவற்றை விளக்கவும் தேர்வு நேரத்தில் சொல்வதை எழுதவும் போதுமானதாக இருக்கும்.

காது கேளாத மாணவர்களின் நிலை வேறு. சென்னை மாநிலக் கல்லூரியில் அவர்களுக்கென்றே வணிகவியல், கணினிப் பயன்பாடு வகுப்புகள் இருக்கின்றன. மற்ற மாவட்டத்துப் பிள்ளைகள் ஒன்று சென்னைக்குப் போக வேண்டும், அல்லது உள்ளூர்க் கல்லூரியில் பக்கத்திலிருப்பவரின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு மூன்றாண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். சைகைமொழி பெயர்ப்பாளரை ஒரு மாணவர் தன் உதவித்தொகையில் அமர்த்துவது நடக்காத காரியம். அதைக் கல்லூரியின் செலவாகத்தான் வைக்க முடியும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் மூன்று பிரிவுகளை ஒன்றாக வைத்துப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 32ஆம் பிரிவில், அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 விழுக்காடு இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு புத்தகங்களையும் கற்றல் பொருட்களையும் உதவி உபகரணங்களையும் 18 வயது வரை இலவசமாகக் கொடுக்கச் சொல்கிறது. கல்லூரியில் சேரும் வயது 17 அல்லது 18. கதவைத் திறந்துவிட்டு, உள்ளே காலெடுத்து வைக்கும் ஆண்டிலேயே ஊன்றுகோலை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இது. 18 வயது என்பது சட்டம் வைத்த குறைந்தபட்ச எல்லைதான். அதற்கு மேலும் கொடுக்கக் கூடாது என்று எந்த வரியும் தடுக்கவில்லை. மூன்றாவது, 24ஆம் பிரிவு. மாற்றுத்திறனாளிகளின் வாழ்க்கைத் தரத்துக்காக வகுக்கப்படும் திட்டங்களில் அவர்களுக்கான தொகை, மற்றவர்களுக்கான அதே போன்ற திட்டங்களில் உள்ளதைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது அது.

இப்போது புதுமைப்பெண் திட்டத்தையும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தையும் பாருங்கள். 2022 செப்டம்பரில் ஒன்றும் 2024 ஆகஸ்டில் மற்றொன்றும் தொடங்கின. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பிள்ளையின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய். அதில் நடக்க முடிந்த பிள்ளைக்கும் 1,000, தாயார் தள்ளிக்கொண்டு வரும் பிள்ளைக்கும் அதே 1,000. சட்டத்தின் நோக்கப்படி பார்த்தால் இரண்டாவது பிள்ளைக்கு 1,250 ஆக இருக்க வேண்டும். ‘பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு’ என்ற சொற்கள் அதே 24ஆம் பிரிவில் இருப்பதை நிதித்துறை எடுத்துக்காட்டும் என்று எனக்குத் தெரியும். அந்தத் திட்டம் நலத்திட்டமல்ல, கல்வி ஊக்கத் திட்டம் என்றும் வாதாடலாம். நீதிமன்றத்தில் அந்த வாதம் நிற்குமோ என்னவோ, ஒரு மாணவருக்கு மாதம் 250 ரூபாய்க்காக அரசு அங்கே போய் நின்று வாதாட வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

அந்த இரு திட்டங்களில் எனக்குப் பிடித்தது தொகையைவிட அதன் முறை. கல்லூரி மாணவர்களின் விவரங்களைத் திரட்டி வைக்கும் யுமிஸ் என்ற அரசுத் தளத்தில் மாணவரின் பெயர் இருக்கிறது, பள்ளியில் கொடுத்த எமிஸ் எண் இருக்கிறது, ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு இருக்கிறது. மாணவர் தொடர்ந்து படிக்கிறாரா என்பதைக் கல்லூரி அதிலேயே உறுதிசெய்கிறது. பணம் மாதாமாதம் தானாகக் கணக்கில் சேர்கிறது. லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு இதைச் செய்யத் தெரிந்த அரசு, விரல்விட்டு எண்ணக்கூடிய மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளிடம் மட்டும் ஆண்டுதோறும் தாளில் விண்ணப்பமும், அடையாள அட்டை நகலும், படிப்புச் சான்றும், மதிப்பெண் பட்டியலும், வங்கிப் புத்தக நகலும் கேட்டு வாங்குகிறது. போன ஆண்டு இல்லாத கால் இந்த ஆண்டு முளைத்திருக்குமா? மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை எண்ணை யுமிஸில் ஒருமுறை சேர்த்துவிட்டால் போதும். இதற்குப் புதிய மென்பொருளும் வேண்டாம், புதிய அலுவலகமும் வேண்டாம். இரண்டு செயலாளர்களும் ஒரு மேசையில் ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்தால் முடியும் வேலை.

ஒன்றிய அரசின் உதவித்தொகை இருக்கிறதே என்று சிலர் சொல்லக்கூடும். பதினோராம் வகுப்பிலிருந்து முதுகலை வரை படிக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான அந்தத் திட்டத்துக்கு நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 17,000 இடங்கள். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கு மேல். பட்டியலின மாணவர்களுக்கான இதே படிநிலை உதவித்தொகைக்கு இப்படியொரு எண்ணிக்கை உச்சவரம்பு கிடையாது. தகுதி இருந்தால் உண்டு. அதுதான் சரி. மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் உரிமை என்பது டோக்கன் கணக்கில் வருகிறது. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. அந்த வருமானத்திலிருந்து ஆட்டோவுக்கும் மருந்துக்கும் போனதைக் கழிக்க வழியில்லை. ஒரே வகுப்பை இரண்டாம் முறை படித்தால் அந்த ஆண்டுக்குப் பணம் கிடையாது. அறுவை சிகிச்சைக்காக ஒரு பருவம் படுத்தே கிடந்த மாணவருக்கு இது என்ன நியாயம்? இதைப் பெறுபவர் வேறு உதவித்தொகை எதையும் பெறக் கூடாது என்ற நிபந்தனை வேறு.

அதற்கான தேசிய இணையதளத்தில் பதிவுசெய்ய முக அடையாளச் சரிபார்ப்பும் உண்டு. கேமராவை நேராகப் பார், கண்ணைச் சிமிட்டு என்று செயலிகள் கேட்கும்போது என் போன்றவர்களின் பாடு என்னவென்று எண்ணிப் பாருங்கள். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையின் தலை ஓரிடத்தில் நிற்காது. அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில், வாடிக்கையாளரை மின்னணு முறையில் அடையாளம் காணும் நடைமுறைகள் மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்டும்படி இருக்க வேண்டும், எண்ணிம (டிஜிட்டல்) அணுகல் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று சொல்லிவிட்டது. இதையெல்லாம் டெல்லிக்குத்தான் எழுத வேண்டும். தனியாக எழுதவும் செய்வேன். உங்களிடம் கேட்பது, டெல்லியின் பட்டியலில் இடம் கிடைக்காத பிள்ளைகள் உங்கள் பட்டியலிலும் விடுபட்டுப்போகாமல் பாருங்கள் என்பது.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்றால், முதலில் அந்த 12,000 ரூபாயை மாதத் தவணையாக, சேர்க்கை நடந்த மாதத்திலிருந்தே கொடுங்கள். சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு மற்றவர்களுக்கு முன்பாகவே நடந்துவிடுகிறது. யார் யார் சேர்ந்தார்கள் என்பது அன்று மாலையே கல்லூரிக்குத் தெரியும். பிறகு, படிக்கும் வகுப்பை வைத்துத் தொகையை நிர்ணயிக்கும் பழக்கத்தை விடுங்கள். இளங்கலை மாணவருக்கும் முதுகலை மாணவருக்கும் ஆட்டோக்காரர் ஒரே கட்டணம்தான் வாங்குகிறார். அடிப்படைத் தொகை எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். அதன்மேல் பேருந்தில் ஏற முடியாதவருக்குப் பயணப்படி, உதவியாளர் இல்லாமல் இயங்க முடியாதவருக்கு உதவியாளர்படி, பார்வையில்லாதவருக்கு வாசிப்பாளர்படி என்று தேவையை ஒட்டிச் சேருங்கள். தேவையை மதிப்பிட இன்னொரு மருத்துவக் குழு வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். உரிமைகள் திட்டத்தில் ‘விழுதுகள்’ என்ற மாற்றுத்திறனாளிகள் சேவை மையங்களைத் திறந்து வருகிறீர்கள்; அங்கே பணிபுரிபவர்கள் ஒருமுறை கல்லூரிக்கு வந்து மாணவரோடு பேசினாலே தெரிந்துவிடும்.

உதவியாளர்படியைப் பற்றி ஒரு வார்த்தை. அதைத் தாயாரின் பெயரிலேயே கொடுங்கள். பெற்ற பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கூலியா என்று சிலருக்கு முகம் சுளிக்கும். அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி தரலாம் என்று சட்டத்தின் 24ஆம் பிரிவே சொல்கிறது. தவிரவும், திண்ணையில் அவர் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நாளும் அந்த வீட்டில் ஒரு கூலி குறைகிறது. வீட்டுக்கு வந்த ஒரு தாயார் என்னிடம் கேட்டார்: ‘சார், இவன் பட்டம் வாங்கினால் எனக்கும் ஒன்று கொடுப்பார்களா? மூணு வருஷம் நானும்தானே காலேஜுக்கு வந்தேன்.’ சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

இந்த ஆண்டு எல்லாவற்றையும் செய்ய நிதி இல்லை என்று சொன்னால் நம்பத் தயாராக இருக்கிறேன். அப்படியானால் மாதத் தவணையையும், யுமிஸ் இணைப்பையும், நூல்களை யூனிகோடாக்குவதையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டுக்கும் நிதித்துறையிடம் புதிதாக எதுவும் கேட்க வேண்டியிருக்காது. கொடுக்கிற பணத்தையே கொடுக்கிற நேரத்தை மாற்றிக் கொடுப்பதுதான். அரசாணை வெளியாகும்போது அதை ஸ்கேன் செய்த படமாக இணையத்தில் ஏற்றிவிடாதீர்கள். எழுத்தாகவே ஏற்றுங்கள், எங்களில் பலர் அதை நாங்களே படித்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசுக் கல்லூரி ஆசிரியர் ஒருவர்